இடுப்பிலிருந்து புறப்படும் பந்து

விடிந்தும் விடியாமலும் இருக்கிற அந்த அரைமணி நேரத்தில் எது கொக்கு, எது பந்து என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. புல்வெளி முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும். கூடையோடு கிட்டே போகப் போக, சில வெள்ளைகள் மட்டும் கழுத்தை நீட்டி, சோம்பலாக இறக்கையை விரித்து, கண்மாய்ப் பக்கம் போய்விடும். பறக்காமல் கிடப்பதெல்லாம் பந்து. அதைக் குனிந்து பொறுக்குவதுதான் மூன்று வருஷமாக என் வேலையாக இருந்தது.

சமயநல்லூரைத் தாண்டி, நாலுவழிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது அந்த மைதானம். வீட்டுமனை போட வாங்கிய நிலம். மனை போணியாகவில்லை என்றதும் முதலாளி அதைக் கோல்ஃப் பழகுகிற இடமாக மாற்றிவிட்டார். டிவியில் காட்டுகிற மாதிரி குழியும் கொடியும் அங்கே கிடையாது. தகரக் கொட்டகைக்குக் கீழே வரிசையாக எட்டுப் பச்சை மேட், பாய் மாதிரி விரித்தது. அதில் ஏறி நின்று எதிரே இருக்கிற வெறும் வெளியில் பந்தை அடிக்க வேண்டியது, அவ்வளவுதான். ஐம்பது கஜம், நூறு கஜம், நூற்றைம்பது கஜம் என்று பலகை நட்டிருக்கும். அப்புறம் வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் கண்மாய், கண்மாய்க்கும் அந்தப் பக்கம் நாகமலை நீளமாகப் படுத்திருக்கும். டாக்டர்கள் வருவார்கள், மில்காரர்கள் வருவார்கள், லீவுக்கு ஊர் வந்த வெளிநாட்டு ஆட்கள் வருவார்கள். ஆளுக்கொரு கூடைப் பந்தை அடித்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு கார் ஏறிப் போவார்கள். அவர்கள் போன பிறகு அந்த வெளி என்னுடையது.

நான் ஏழாவதோடு படிப்பை விட்டவன். சிம்மக்கல் பழ மண்டியில் பதினேழு வருஷம் லாரியிலிருந்து சரக்கு இறக்கினேன். முழங்கால் தேய்ந்துவிட்டது, இனிமேலும் சுமை தூக்கினால் நடையே போய்விடும் என்று டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிச் சொன்ன பிறகுதான் இங்கே வந்து சேர்ந்தேன். குனிந்து நிமிர்வதும் காலுக்கு நல்லதில்லைதான். ஆனாலும் பந்து மூட்டை இல்லையே.

எனக்குக் கவலை பிறவிக் குணம். போன் அடித்தால் யாருக்கு என்ன ஆச்சோ என்றுதான் எடுப்பேன். செல்லூரில் வீட்டைவிட்டுக் கிளம்பினால் வைகைப் பாலம் ஏறும்போது பூட்டினோமா என்று வண்டியை ஓரங்கட்டி யோசிப்பேன். உள்ளே மனைவி இருக்கிறாள், நான் பூட்டவே வேண்டியதில்லை என்பது அப்புறம்தான் ஞாபகத்துக்கு வரும். எங்கள் சந்தில் பகல் பூரா விசைத்தறி ஓடும். அந்தச் சத்தம் நிற்கிற நேரத்தில்தான் எனக்குப் படபடப்பு வரும், கரண்டு போனதா, தறிக்காரருக்கு ஏதாவதா என்று. மைதானத்துக்கு வந்த புதிதில் அங்கே இருந்த அமைதியும் அப்படித்தான் என்னைப் பயமுறுத்தியது. ஆறு மாசம் கழித்துதான் அந்த அமைதிக்குள் காற்று இருக்கிறது, மயில் இருக்கிறது, தூரத்தில் லாரி போகிறது என்று காது பழகியது.

மாசி கடைசியில் ஒருநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மண்டியில் யாரையாவது நிறுத்தப் போகிறார்கள் என்றால்தான் உட்காரச் சொல்வார்கள். மேனேஜர் நல்ல மனுஷர், சுற்றி வளைக்காமல் சொன்னார். பந்து பொறுக்குகிற வண்டி வரப்போகிறது. முன்னால் உருளை இருக்கும், ஓட்டிக்கொண்டு போனால் பந்தெல்லாம் தானாக ஏறிக்கொள்ளும். புல் வெட்டுகிற டிராக்டர் ஓட்டும் பையனே அதையும் ஓட்டிக்கொள்வான். ஆகவே கூடைக்கு வேலை இல்லை.

அவரே இன்னொன்றும் சொன்னார். சொல்லித் தருகிற கோச் கோயம்புத்தூருக்கே திரும்பிப் போகிறார். பதில் ஆள் வரப்போவதில்லை. புதிதாக வருகிறவர்களுக்குப் பக்கத்தில் நின்று பந்து வைக்கவும், எப்படி நிற்பது என்று காட்டவும், ஒரு பந்து அடித்துக் காட்டவும் ஆள் வேண்டும். உன் பேரைச் சொல்லியிருக்கிறேன். முதலாளி, முதலில் அவன் அடிப்பதைப் பார்க்கிறேன் என்கிறார். பங்குனி கடைசியில் வருவார். முப்பது பந்து. நூறு கஜப் பலகையைத் தாண்டி, இரண்டு சிவப்புக் கம்பத்துக்கு நடுவில் இருபது விழ வேண்டும்.

மூன்று வருஷத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து நான் அடித்தது மொத்தம் பத்துப் பந்து இருக்கும். ஒன்றுகூட நேராகப் போனதில்லை.

வீட்டில் சொன்னேன். மண்டிக்குத் திரும்ப முடியாது, வேறு எங்கே போவேன், இந்த வயதில் வாட்ச்மேன் வேலைக்கும் படிப்புக் கேட்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போனேன். மனைவி தறிக்கூடத்தில் நூல் சுற்றுகிறவள், அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடுகிற பொறுமை அவளுக்கு உண்டு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இன்னும் ஒரு மாசம் இருக்கிறதே, முதலில் அடித்துப் பாருங்கள் என்றாள்.

கோச் என்னைவிட இருபது வயது இளையவர். ஊருக்குக் கிளம்புவதற்கு இருந்த ஒரு வாரமும் விடிகாலையில் வந்து எனக்காக நின்றார். நான் மட்டையைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். பஸ் கம்பியைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தேன். கைகளை மட்டும் ஓங்கி, கைகளால் மட்டும் அடித்தேன். பந்து ஒருதடவை வேலிக்கு வலது பக்கம், ஒருதடவை இடது பக்கம், ஒருதடவை என் கால் முன்னாடியே.

"அண்ணா, கை பந்தை அடிக்கறதில்லீங்க. கை சும்மா கூட வருது. திரும்பறது உடம்புங்க."

என் தோளில் கிடந்த துண்டை உருவி, நெஞ்சுக்குக் குறுக்காக விரித்து, இரண்டு நுனியையும் இரண்டு அக்குளிலும் செருகிவிட்டார். அது விழாமல் மட்டையை வீசப் பழகணுமாம். துண்டு விழாமல் இருந்தால் கை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, நெஞ்சு திரும்பினால் கை திரும்புகிறது என்று அர்த்தம். விழுந்தால் கை தனியாக ஓடிவிட்டது என்று அர்த்தம். பின்னால் போகும்போது முதுகு பலகையைப் பார்க்க வேண்டும். வரும்போது முதலில் இடது இடுப்பு திறக்க வேண்டும், கதவு திறப்பது போல. அதற்குப் பின்னால் நெஞ்சு, அதற்கும் பின்னால் கை. முடிக்கும்போது பெல்ட் கொக்கி பலகையைப் பார்த்து நிற்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம், இதை ஆயிரம் தடவை ஒரே மாதிரி செய்தால் பந்தும் ஆயிரம் தடவை ஒரே மாதிரி போகும் என்றார்.

துண்டு விழுந்துகொண்டே இருந்தது. டிராக்டர் ஓட்டுகிறவன் பக்கத்து ஊர்க்காரன், விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. என்னை அண்ணே என்பான், நான் அவனை மாப்ள என்பேன். டயரில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தான்.

"பந்து பொறுக்க வண்டி வாங்கிட்டாக. அண்ணே துண்டைப் பொறுக்க இன்னொரு வண்டி வாங்கணும்."

கோச் ஊருக்குப் போனார். நான் தினமும் வெள்ளென வந்தேன். வெயில் எழும்பும்போது என் நிழல் பாய்க்கு அப்பால் நீண்டு புல்லில் விழும். நிழலைப் பார்த்து வீசிப் பழகினேன். நிழலுக்கு முகம் இல்லை, கவலை இல்லை. அது அழகாகத் திரும்பியது. கை தூக்கினால் அதற்கும் கை முளைத்தது, இடுப்பு திரும்பினால் அது மெலிந்து குச்சியாகி மறுபடி அகலமானது. பந்தை வைத்துவிட்டால் மட்டும் நான் நானாகிவிடுவேன். பிடி இறுகிவிடும். துண்டு விழும்.

இரண்டு வாரம் போனது. பங்குனி வெயில் ஏறியது. ஒருநாள் மத்தியானம் வீடு திரும்பும்போது சமயநல்லூர்ப் பக்கம் சாலையோரத்தில் ஒரு தர்பூசணி லாரி அச்சு முறிந்து சாய்ந்து நின்றது. வேறொரு லாரியைப் பின்பக்கமாக ஒட்டி நிறுத்திக் காய் மாற்றிக்கொண்டிருந்தார்கள். மண்டிக்காரனுக்கு அதைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போக வராது. வண்டியை நிறுத்தினேன். நாலு பேர் நிற்க வேண்டிய வரிசையில் மூன்று பேர்தான் இருந்தார்கள். நடுவில் உள்ளவன் இரண்டு எட்டு ஓடி ஓடி வாங்கினான். பார்க்கச் சகிக்கவில்லை. டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. தூக்கத்தானே கூடாது, வாங்கிக் கொடுக்கலாமே என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு நடுவில் போய் நின்றேன்.

முதல் காய் வந்து கையில் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல முடியாது. கால் இரண்டும் தாமாக அகன்றன. காய் வந்த வேகத்திலேயே உடம்பு வலது பக்கம் சுழன்று, ஒரு நொடி நின்று, இடுப்பு இடது பக்கம் திறந்தது. காய் தானாகவே என்னைவிட்டுக் கிளம்பிப் போனது. வாங்கு, திரும்பு, விடு. வாங்கு, திரும்பு, விடு. பச்சைக் காய்கள் வரி வரியாக வெயிலில் மிதந்து வந்து மிதந்து போயின. தார்ச் சாலையிலிருந்து எழுந்த காந்தலில் அந்த லாரியே தண்ணீருக்குள் நிற்பது போல ஆடியது. எத்தனை நேரம் என்று தெரியாது. நான் எதையும் நினைக்கவில்லை. என் வாழ்க்கையில் ஒன்றையும் நினைக்காமல் நான் இருந்த நேரங்களை எண்ணிவிடலாம். அதில் முக்கால்வாசி, வரிசையில் நின்று காய் மாற்றிய நேரம்தான்.

எல்லாம் ஏறிய பிறகுதான் கைகளைப் பார்த்தேன். துளி வலி இல்லை. பதினேழு வருஷம் கையால் எறிந்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கையால் எறிகிறவன் ஒரு லாரியைத் தாங்க மாட்டான், பாதியிலேயே தோள் கழன்றுவிடும். நாங்கள் அத்தனை பேரும் இடுப்பால்தான் எறிந்திருக்கிறோம். கோச் சொன்னதும் இதுதானே என்று சாலையோரத்தில் நின்று சிரித்தேன். ஒரு காயை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். ராத்திரி பூரா முழங்கால் கடுத்தது, போயிற்று, நடை போயிற்று என்று பயந்துகொண்டே படுத்திருந்தேன்.

மறுநாள் நொண்டிக்கொண்டே போய்ப் பாயில் ஏறி நின்றேன். மட்டையை மறந்து, காய் வாங்குகிற மாதிரி வலது பக்கம் திரும்பினேன். துண்டு அப்படியே இருந்தது. இடுப்பைத் திறந்தேன். டக் என்று ஒரு சத்தம். மரத்தில் கல் பட்டால் வருகிற சத்தம் இல்லை, சுண்டுவிரலால் குடத்தைத் தட்டுகிற மாதிரி சுத்தமான சத்தம். கையில் ஒன்றுமே தெரியவில்லை. பந்து எழுந்து, நாகமலை விளிம்பைத் தாண்டி வானத்துக்குள் போய், அங்கேயே கொஞ்சம் யோசித்துவிட்டு, மெதுவாக இறங்கியது.

அடுத்த பந்து தரையோடு உருண்டு ஓடி இருபது கஜத்தில் நின்றது. அதற்கடுத்ததும் அப்படியே. நாலாவது மறுபடி பறந்தது. ஒரு வாரம் இப்படித்தான் போனது. இரண்டுக்கு ஒன்று பறந்தது, மற்றது மண்டையில் அடிபட்டுத் தரையில் ஓடியது. உடம்பு சரியாகத்தான் திரும்பியது, துண்டும் விழவில்லை. பிறகு ஏன் என்று புரியவில்லை. போனில் கோச்சைக் கேட்டேன். ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். எனக்கு எடுக்கத் தெரியாது, மாப்ளையைக் கூப்பிட்டேன். போனைத் தூக்கிப் பிடித்து ஐந்தாறு பந்து எடுத்தவன், அனுப்பாமல் போனை இறக்கிவிட்டு என்னையே பார்த்தான்.

"யாரப் பாக்குறண்ணே?"

எதுடா என்றேன்.

"அடிக்கிறதுக்கு முன்னாடியே தலை அங்கிட்டுத் திரும்புது. புடிக்கிறதுக்கு அங்க யாரு நிக்கிறா?"

அவன் கேலியாகத்தான் கேட்டான். ஆனால் விஷயம் அங்கேதான் இருந்தது. காய் எறிகிறவன் காயைப் பார்க்க மாட்டான். அடுத்தவன் கையைப் பார்ப்பான். கை தயாராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேதான் விடுவான், இல்லையென்றால் காய் உடையும், பேச்சு வாங்க வேண்டும். பதினேழு வருஷத்தில் நான் அதை ஒருதடவைகூடத் தவறவிட்டதில்லை. கோல்ஃபில் அது கூடாது. மட்டை பந்தைத் தொட்டுவிட்டுப் போகும்வரை தலை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். நான் இடுப்போடு தலையையும் திருப்பியிருக்கிறேன். தலை எழும்ப முதுகும் எழும்பி, மட்டை பந்தின் உச்சியைச் சீவியிருக்கிறது.

தெரிந்துவிட்டது, ஆனால் நிறுத்துவது லேசாக இல்லை. எறிந்த பொருளை வாங்குகிற ஆள் இருக்கிறானா என்று பார்க்காமல் இருப்பது என்னைப் போன்றவனுக்கு வீட்டைத் திறந்து போட்டுவிட்டு வருவது போல. கழுத்து தானாக எழும்பும். அப்புறம் ஒரு வழி பிடித்தேன். அடிக்கும்போது பந்து இருந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். பந்து போன பிறகு அங்கே பச்சைப் பாயில் ஒரு வெற்றிடம் இருக்கும், அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். சத்தம் கேட்கும். உடம்பு திரும்பி முடிந்து, பெல்ட் கொக்கி பலகையைப் பார்த்து நின்று, வேறு வழியில்லாமல் தலை கடைசியாக எழும்பும். அதற்குள் பந்து பாதி வானத்தைக் கடந்திருக்கும். சிலதை நான் பார்க்கவே இல்லை. எங்கே போனதென்று தெரியாத பந்துகள் நாளுக்கு நாள் அதிகமாயின. வினோதம் என்னவென்றால், அதற்காக நான் கவலைப்படவில்லை.

முதலாளி வந்த நாள் காலை, மாப்ள வெளி முழுவதையும் புதிய வண்டியால் வழித்துச் சுத்தமாக வைத்திருந்தான். ஒரு பந்து இல்லை. நூறு கஜப் பலகைக்குப் பக்கவாட்டில், பந்து படாமலிருக்கக் கட்டியிருந்த வலைக்கு அந்தப்புறம் டிராக்டரில் உட்கார்ந்துகொண்டான். கம்பத்துக்கு நடுவில் விழுந்தால் அவன் கையைத் தூக்குவான், மேனேஜர் இங்கே தாளில் கோடு போடுவார் என்று ஏற்பாடு. முதலாளி பிளாஸ்டிக் நாற்காலியில் போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஆரம்பிக்கலாம் என்று கையை மட்டும் ஆட்டினார்.

முதல் மூன்று பந்தும் தரையில் ஓடின. பிடி பஸ் கம்பியாகிவிட்டது. மேனேஜர் பேனாவை வைத்தபடி என்னைப் பார்க்காமல் இருந்தார். மண்டி தெரிந்தது, டாக்டர் தூக்கிப் பிடித்த படம் தெரிந்தது, மனைவி தறிக்கூடத்தில் குனிந்திருப்பது தெரிந்தது. எங்கே யார் தயாராக நிற்கிறார்கள் என்று எல்லாப் பக்கமும் கண் ஓடியது. நாலாவது பந்தை வைத்துவிட்டு நிமிராமல் நின்றேன். கீழே பாயில் இருந்த அந்தச் சின்ன வெள்ளையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. திரும்பினேன். டக். வெற்றிடம். அடுத்தது. டக். வெற்றிடம்.

அப்புறம் நான் எண்ணவில்லை. வெயில் கொட்டகைத் தகரத்தில் படபடத்தது. ஒவ்வொரு தடவையும் உடம்பு ஒரு பக்கம் போய், கொஞ்சம் நின்று, மறுபக்கம் திறந்தது, அரைத் தூக்கத்தில் புரண்டு படுப்பது போல. பந்துகள் எங்கோ போய்க்கொண்டிருந்தன. பந்துக் கூடைக்குள் கைவிட்டபோது அடிக்கம்பி தட்டுப்பட்டது. முப்பதும் முடிந்துவிட்டது.

மேனேஜர் கோடுகளைப் பேனா முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினார். இருபத்தொன்று என்றார். முதலாளி போனை மூடாமலே தலையை ஆட்டிவிட்டுக் கார் பக்கம் நடந்தார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நானே பார்க்காத ஒன்றை எப்படி நம்புவது? கூடையை எடுத்துக்கொண்டு வெளியில் இறங்கினேன். முப்பது பந்துதான் கிடந்தது, அதனால் எண்ணுவது லேசு. கம்பத்துக்கு நடுவில், பலகைக்கு அப்பால் கிடந்ததைப் பொறுக்கினேன். பதினெட்டுதான் இருந்தது. மறுபடி நடந்து பார்த்தேன். பதினெட்டேதான். மூன்று பந்து வலது கம்பத்துக்கு வெளியே கிடந்தன. கூடையோடு அங்கேயே நின்றேன். பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு மனசு சொன்னது. பேசாமல் இருந்தால் இனிமேல் ஒவ்வொரு நாளும் யாராவது வந்து எண்ணிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே வேலை பார்க்க வேண்டும் என்று இன்னொரு மனசு சொன்னது. அந்தப் பயத்தை என்னால் தாங்க முடியாது. ஓட முடியாத காலோடு அரை ஓட்டமாக வந்து, மூச்சு வாங்க, மேனேஜரிடம் பதினெட்டுதான் சார் இருக்கிறது என்றேன்.

அவர் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"விழுந்த எடத்தத்தானய்யா எண்ணச் சொன்னாரு, உருண்டு போன எடத்தயா? தரை வலது பக்கம் சரிவு. மூணு வருஷமா அங்க பொறுக்குற, அது ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். கண்மாய்ப் பக்கம் தண்ணீர் ஓடுகிற சரிவு. தினமும் அந்த மூலையில்தான் பந்து அதிகமாகச் சேர்ந்திருக்கும். பயத்தில் அது மறந்தே போயிருந்தது. டிராக்டரை நிறுத்திவிட்டு வந்த மாப்ள விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"குடுத்த வேலையத் திருப்பிக் குடுக்க நொண்டிக்கிட்டு ஓடி வர்ற ஆளு நீ ஒருத்தன்தாண்ணே."

மனைவிக்குப் போன் போட்டேன். பின்னால் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. முதல் மூன்று பந்து உருண்டதையும், கோடு போட்டதையும், பதினெட்டையும், தரைச் சரிவையும் ஒன்றன் பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவள் நடுவில் நிறுத்தினாள்.

"வேல இருக்கா இல்லயா, அத மட்டும் சொல்லுங்க."

"இருக்கு," என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, அதற்குப் பின்னால் சேர்த்துச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை.